மணிமொழி தனியாக இருந்த சனிக்கிழமை

தம்பி செழியனின் குட்டி யானை வண்டி தெருமுனையில் திரும்பிப் போகிற சத்தம் முழுதாக அடங்கும் வரை மணிமொழி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அடங்கியதும் சக்கர நாற்காலியின் ஒரு வளையத்தை முன்னுக்கும் மற்றதைப் பின்னுக்கும் தள்ளி, கூடத்தின் நடுவில் ஒரு சுற்று சுற்றினாள். போதவில்லை. இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் தலை கிறுகிறுத்தது. சிரிப்பு வந்தது. சிரித்தால் யாராவது "இன்னாடி சிரிப்பு?" என்று கேட்பார்களோ என்று பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்த்தாள். கேட்க யாரும் இல்லை.

எட்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

எட்டு வருஷத்துக்கு முன்னால், கீழ்பென்னாத்தூர் வீட்டு மொட்டை மாடியில் வேர்க்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தவள் கால் இடறிக் கீழே விழுந்தாள். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. வேலூர்ப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் மூன்று மாதம் இருந்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவதையும், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே குழாய் போட்டுச் சிறுநீர் எடுப்பதையும், புண் வராமல் இருக்க அரைமணிக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்குவதையும் கற்றுக்கொண்டு வந்தாள். ஆனால் வீட்டில் அவளை எதையும் செய்ய விடவில்லை. அவள் கையை ஊன்றுவதற்குள் தம்பி செழியன் ஓடிவந்து தூக்கிவிடுவான். அம்மா சரோஜா தண்ணீர்ச் சொம்பைக்கூட வாயருகே கொண்டுவந்து நீட்டுவாள். பாசம்தான், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாசத்துக்கு நடுவில், ஒரு கதவைத் தானாகத் திறந்து தானாக மூடி எத்தனை நாளாயிற்று என்று அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

படித்து, குரூப் ஃபோர் தேர்வு எழுதி, திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறுவது நடக்காத காரியம். அதைச் சொல்லித்தான் தனி வீடு பிடிக்கச் சம்மதம் வாங்கினாள். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையிலிருந்து பத்தடி உள்ளே தள்ளி ஒரு வீடு; ஆபீசுக்கு ஆட்டோவில் போய்வரலாம். வீட்டுக்காரர் சக்கரபாணி டவுனில் இருக்கிறார். வாசல்படியை இடித்துச் சாய்தளம் கட்டிக்கொள்ளவும், குளியலறைக் கதவை அகலப்படுத்தி உள்ளே உட்காரும் கழிப்பறையும் கைப்பிடிக் கம்பிகளும் பதித்துக்கொள்ளவும் அனுமதி கொடுத்தார். "உன் சவுகரியத்துக்குப் பண்ணிக்கம்மா, இடிச்சா மறுபடி கட்டிக்கலாம்" என்றார்.

சம்மதத்தோடு ஒரு நிபந்தனையும் வந்திருந்தது. அம்மா ஆறு மாதம் கூடவே இருப்பாள். சனிக்கிழமை விடியற்காலை செழியன் மணிமொழியையும் சாமான்களையும் இறக்கிவிட்டுப் போய், பத்து மணிக்குள் அம்மாவை அழைத்துக்கொண்டு திரும்புவதாக ஏற்பாடு.

ஆனால் அன்றைக்குப் பௌர்ணமி.

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை என்று செழியன் நினைத்துக்கொண்டிருந்தான். திதி சனிக்கிழமை காலையிலேயே பிறந்துவிடுகிறது என்பதும், பிறந்துவிட்டால் மலையைச் சுற்றி எந்த வண்டியையும் விடமாட்டார்கள் என்பதும் மணிமொழிக்கு மூன்று வாரமாகத் தெரியும். காலண்டரைப் பார்த்துத்தான் அவள் வீடு மாற நாள் குறித்துக் கொடுத்தாள். யாரிடமும் மூச்சு விடவில்லை.

பத்தரை மணிக்குப் போன் அடித்தது.

"யக்கா! திண்டிவனம் ரோட்டுலயே நிறுத்திட்டாங்கக்கா. எவ்ளோ கெஞ்சியும் போலீஸ்காரு வண்டிய உடமாட்றாரு. இன்னிக்கே பௌர்ணமியாம்!"

"அய்யய்யோ, அப்டியா?" என்றாள் மணிமொழி. சொல்லும்போதே குரல் எங்கே காட்டிக்கொடுத்துவிடுமோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அம்மாவால எட்டு கிலோமீட்டரு நடக்க முடியாது. நாளிக்கு மத்தியானம்தான் ரோடு உடுவாங்களாம். நீ எப்டிக்கா ஒண்டியா இருப்ப?"

அம்மா போனைப் பிடுங்குவது கேட்டது. "மொழி, காலண்டரு உன் ரூமுலதானடி தொங்குது?"

மணிமொழி போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். அந்தப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டது.

"சரி. பிஸ்கட்டு, பன்னு எல்லாம் பையில வெச்சிருக்கேன். அத்த சாப்ட்டுட்டுக் கட்டில்ல படுத்துக்க. அடுப்ப மட்டும் பத்த வெக்காத, சொல்லிட்டேன்."

"பத்திரமா இருக்கேம்மா" என்றாள் மணிமொழி. அடுப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

போனைக் கூடத்து அலமாரியில் வைத்துவிட்டு நேராக அடுப்பங்கரைக்குத்தான் போனாள்.

அவள் அளவு சொல்லிச் செய்த தாழ்வான மேஜை அங்கே இருந்தது. நாற்காலியோடு காலை உள்ளே விட்டுக்கொண்டு உட்காரலாம். மேலே இரட்டை அடுப்பு. பக்கத்தில் தரையில் கேஸ் சிலிண்டர். சூடான பாத்திரத்தை மடியில் வைக்கக்கூடாது, வைத்தால் தோல் வெந்தாலும் அவளுக்குத் தெரியாது. அதற்காக மடியின் குறுக்கே வைத்துக்கொள்ள ஒரு பலகை. எல்லாம் தயார். எட்டு வருஷமாக மனசுக்குள்ளேயே சமைத்துப் பார்த்தாயிற்று.

முதல் தீக்குச்சி அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. மூன்றாவதில் நீலச் சுடர் வட்டமாகப் பூத்தபோது, தெருவைப் பார்த்து யாரையாவது கூப்பிட்டுக் காட்டலாமா என்றிருந்தது. அரிசியைக் களைந்து போட்டாள். ஊரிலிருந்து வந்த வேர்க்கடலையை இன்னொரு அடுப்பில் வறுத்தாள். வறுபடும் வாசனை வீடு முழுக்கப் பரவியதும், இது இனிமேல் என் வீடு என்ற எண்ணம் முதன்முதலாக நிஜமாகவே அவளுக்குள் இறங்கியது.

வெளியே கிரிவலக் கூட்டம் வலுத்துக்கொண்டிருந்தது. அண்ணாமலைக்கு அரோகரா என்ற குரல்களும், பேச்சும், செருப்பில்லாத கால்கள் தார் ரோட்டில் தேயும் சத்தமும் ஜன்னல் வழியாக வந்தபடியே இருந்தன.

கடலையை இறக்கிவைத்து அந்த அடுப்பை அணைத்தாள். அடுத்தது சட்னிக்கு உப்பு. செழியன் உப்பு ஜாடியை அவன் உயரத்துக்கு ஒரு சுவர்த் தட்டில் ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தான். மணிமொழி நாற்காலியைச் சுவரோரம் கொண்டுபோய், ஒரு கையால் தட்டின் விளிம்பைப் பிடித்து உடம்பை முன்னால் நீட்டினாள். விரல் ஜாடியைத் தொட்டது. பிரேக் போட மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாற்காலி பின்னால் நழுவியது. அவள் தரையில் விழுந்தாள். ஜாடி உருண்டு போய், உப்பு முழுக்கக் கொட்டியது.

கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தாள். முழங்கை எரிந்தது. நாற்காலி நாலடி தள்ளி, ஒன்றும் நடக்காதது மாதிரி நின்றுகொண்டிருந்தது. போன் கூடத்தில். மேலே சோறு கொதித்து வழிய ஆரம்பித்து, கஞ்சி அடுப்பில் சொட்டி உஸ் உஸ் என்றது.

முதலில் அடுப்பு, என்று சொல்லிக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள். இரண்டு கையாலும் தரையை உந்தி உந்தி நகர்ந்தாள். அடுப்பின் திருகு எட்டாது. ஆனால் சிலிண்டர் தரையில்தானே இருக்கிறது! ரெகுலேட்டரைத் திருப்பினாள். உஸ் சத்தம் அடங்கியது.

அடுத்தது எழுவது.

தரையிலிருந்து நாற்காலிக்கு ஏறுவதை மறுவாழ்வு மையத்தில் கற்றுக்கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு மரப்படி இருந்தது, பக்கத்தில் ஆள் இருந்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தடவைகூடச் செய்ததில்லை. செழியன் இருந்தானே. ஆனாலும் கைக்கு அந்தக் கணக்கு மறக்கவில்லை. நாற்காலியை இழுத்துவந்து முதுகுப்புறம் சுவரில் முட்டும்படி நிறுத்தினாள். பிரேக்கை இரண்டு பக்கமும் அழுத்திப் போட்டாள். காலை மடக்கி வைத்து, ஒரு கையை இருக்கையிலும் ஒரு கையைத் தரையிலும் ஊன்றி எம்பினாள். பாதிவரை போய்க் கீழே வந்தாள். மறுபடி எம்பினாள். இந்தத் தடவை பக்கவாட்டில் சாய்ந்துவிட்டாள்.

அடுப்பங்கரை மூலையில் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை கிடந்தது. அதன் காதைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண், இன்னொரு சாண். வியர்வை கண்ணில் இறங்கியது. மூட்டையை நாற்காலிக்கு முன்னால் படுக்கப்போட்டாள். இருக்கை மெத்தையை உருவி மூட்டையின் மேல் வைத்தாள். இப்போது அங்கே ஒரு படி இருந்தது. தரையிலிருந்து படிக்கு ஏறினாள். மூச்சு வாங்கினாள். படியிலிருந்து நாற்காலிக்கு. தோள்பட்டை கிழிந்துவிடும் போலிருந்தது. இடுப்பு இருக்கையின் விளிம்பைத் தாண்டி உள்ளே சரிந்த அந்த நொடியில் அவள் கத்தினாள். வார்த்தையெல்லாம் இல்லை, வெறும் கத்தல்.

ஜன்னலுக்கு வெளியே யாரோ நின்றார்கள். "யாரும்மா உள்ள? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலங்க!" என்று மணிமொழி சிரித்துக்கொண்டே குரல் கொடுத்தாள். "விழுந்துட்டேன். எழுந்து உக்காந்துட்டேன்."

"அதுக்கா இப்டி கத்துன? கதவத் தொற கண்ணு, நான் பார்த்துட்டுப் போறேன்."

குனிந்து மெத்தையை எடுத்து அடியில் சொருகிக்கொண்டு போய்க் கதவைத் திறந்தாள். சாய்தளத்தின் மேல் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் நின்றிருந்தாள். வலது காலில் தொடைவரை தாங்கிப் பிடிக்கும் இரும்புக் காலிபர், கையில் ஊன்றுகோல், நெற்றி நிறைய விபூதி. அவள் மணிமொழியின் நாற்காலியைப் பார்த்தாள், மணிமொழி அவள் காலிபரைப் பார்த்தாள். இரண்டு பேருமே சிரித்துவிட்டார்கள்.

"என் பேரு கன்னியம்மாள். ஆரணியில தையல் கடை வெச்சிருக்கேன்" என்றாள் வந்தவள். "உன் சத்தம் கேட்டு நின்னது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. இந்தச் சறுக்குப் பாதையப் பார்த்தேன். சறுக்குப் பாதை கட்ன வீட்ல ஒரு வேள உக்கார்ற மாதிரி கக்கூசு இருக்குமோன்னு... வழியில இருக்கற கக்கூசெல்லாம் படி ஏறிக் குந்தற மாதிரி. இந்தக் கால வெச்சிக்கினு என்னால முடியல கண்ணு. காலையில இருந்து தண்ணியே குடிக்காம நடக்கறேன்."

"உள்ள வாங்கக்கா, வாங்க!" என்று மணிமொழி நாற்காலியைச் சட்டென்று பின்னுக்கு இழுத்து வழிவிட்டாள்.

குளியலறைக்குள் போன கன்னியம்மாளின் குரல் கதவு தாண்டி வந்தது. "யம்மாடி, எவ்ளோ அகலம்! ரெண்டு பக்கமும் கம்பி வேற! ஊருல என் வீட்ல கூட இப்டி இல்ல!" வெளியே வந்ததும் முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தாள்.

சோறு குழைந்திருந்தது, ஆனால் அடிபிடிக்கவில்லை. தரையில் கொட்டாமல் ஜாடியில் தங்கியிருந்த உப்பைத் தட்டிப் போட்டு வேர்க்கடலைச் சட்னி அரைத்தாள். இரண்டு தட்டில் பரிமாறியபோது மணிமொழிக்குப் பெருமை பிடிபடவில்லை. தன் வீட்டுக்கு விருந்தாளி! கன்னியம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டு, "மல்லாட்ட சட்னி நல்லாருக்கு. சோறு பாப்பாவுக்கு ஊட்டற மாதிரி இருக்கு" என்றாள். இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

"ஒண்டியாவா இருக்க?"

"இன்னிலேர்ந்து."

"நான் பன்னெண்டு வருசமா" என்றாள் கன்னியம்மாள், தட்டை வழித்தபடி. "மொத மாசம் மூணு வாட்டி விழுந்தேன். யார்ட்டயும் சொல்லல. சொன்னா கூட்டிக்கினு பூடுவாங்கல்ல."

போகும்போது வாசலில் நின்று ஊன்றுகோலால் ரோட்டைக் காட்டினாள். "என்ன மாதிரி ஜனங்க நெறையப் பேரு வராங்க. சொல்லட்டா? உனக்குத் தொந்தரவு ஜாஸ்தியாயிடுமோ?"

"சொல்லுங்கக்கா" என்றாள் மணிமொழி. யோசிக்கவே இல்லை.

சொன்னாள் என்றால் சும்மா சொல்லவில்லை. கன்னியம்மாள் ரோட்டோரம் நின்று கூவியே இருப்பாள் போலிருக்கிறது. மூன்று மணிக்கு முழங்காலில் பட்டை கட்டிய ஒரு அம்மாள் மருமகளோடு வந்தாள். அப்புறம் கணவனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சேத்துப்பட்டிலிருந்து வந்த ஒருத்தி. அப்புறம் நிறைமாத கர்ப்பிணி ஒருத்தி தயங்கித் தயங்கி, "எனக்குக் கால் நல்லாத்தாங்க இருக்குது, ஆனா குந்த முடியல" என்றாள். "நீங்களும் வாங்க" என்றாள் மணிமொழி. நாலரை மணிக்குச் சாய்தளத்திலிருந்து தெருவரை வரிசை நின்றது. ஆண்கள் ஒரு தடவை, பெண்கள் ஒரு தடவை என்று முழங்கால்பட்டை அம்மாள் தானாகவே பொறுப்பெடுத்து வரிசையை நடத்த ஆரம்பித்துவிட்டாள்.

மேல்தொட்டியில் தண்ணீர் தீர்ந்தது. மோட்டார் ஸ்விட்ச் ஆளுயரத்தில் இருந்தது. யாரிடமும் கேட்காமல் மணிமொழி பூரிக்கட்டையை எடுத்துவந்து எம்பி அதன் நுனியால் ஒரு தட்டுத் தட்டினாள். மோட்டார் உறுமியது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். இடையில் அவளுடைய குழாய் நேரம் வந்தபோது, "பத்து நிமிசம் இருங்க, வீட்டுக்காரி போயிட்டு வந்துடறேன்" என்று உள்ளே போய்க் கதவைத் தாழ்போட்டுக்கொண்டாள். வீட்டுக்காரி என்ற சொல் தன் வாயிலிருந்து அவ்வளவு சரளமாக வந்ததை நினைத்து உள்ளே தனியாகச் சிரித்தாள்.

இத்தனை அமளியில் அலமாரிப் போன் அடித்துக்கொண்டே இருந்தது யாருக்கும் கேட்கவில்லை.

ஐந்து மணி வாக்கில் தெருவில் ஒரு குரல். "தள்ளுங்க! தள்ளுங்கய்யா! எங்க அக்காவுக்கு இன்னா ஆச்சு?"

செழியன். கையில் சாப்பாட்டுக் கேரியர், சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. இருபத்திரண்டு தடவை போன் பண்ணிப் பார்த்துவிட்டு, பைக்கில் வந்து, அதையும் திண்டிவனம் ரோட்டிலேயே போட்டுவிட்டு, எட்டு கிலோமீட்டரையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து வந்திருக்கிறான். வாசலில் இவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு உயிரே போய்விட்டது.

முழங்கால்பட்டை அம்மாள் கையை நீட்டித் தடுத்தாள். "இன்னா தம்பி, உனக்கு மட்டும் அவசரமா? வரிசையில வாப்பா."

"எம்மா, நான் தம்பி!"

"யாரா இருந்தா இன்னா?"

"உடுங்கம்மா, அவன் எங்க செழியன்!" என்று மணிமொழி உள்ளேயிருந்து சிரித்தபடி கத்தினாள்.

உள்ளே வந்தவன் அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தான். முழங்கைச் சிராய்ப்பில் பார்வை நின்றது. முகம் மாறியது. "விழுந்தியா?"

"விழுந்தேன்."

"யாரு தூக்கனது?"

"யாரும் தூக்கல."

"பொய் சொல்லாதக்கா." அவன் கேரியரைத் தரையில் வைத்தான். "யாரும் தூக்காம நீ எப்டி... கெளம்பு. வேலையும் வாணாம், வீடும் வாணாம். உன்ன முதுகுல போட்டுக்கினாவது கொண்டு போயிடறேன்."

மணிமொழிக்கு ஒரு கணம் சுருக்கென்றது. இன்று காலைவரை இந்தக் குரலுக்கு அவள் அடங்கித்தான் போயிருக்கிறாள். வரிசையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"செழியா, அந்தக் கட்டில்ல உக்காரு. கைய மடியில வெச்சிக்க. எடுக்கக்கூடாது" என்றாள்.

அரிசி மூட்டையைக் கூடத்துக்கு இழுத்துவந்தாள். நாற்காலியைச் சுவரில் சேர்த்தாள். பிரேக், ஒன்று, இரண்டு. பிறகு, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நாற்காலியிலிருந்து தரைக்குத் தானாக இறங்கினாள். செழியன் அரைவாசி எழுந்துவிட்டான். அவள் ஒரு பார்வை பார்த்ததும் உட்கார்ந்தான்.

இருக்கை மெத்தையை உருவி மூட்டையின் மேல் போட்டு ஏறினாள். மூச்சு. காலை மடக்கி வைத்தாள். கையை ஊன்றினாள். மதியம் மூன்று தடவை ஆன வேலை. இப்போது இத்தனை கண் முன்னால் தோற்றுவிடுவோமோ என்று ஒரு நொடி தோன்றியது. எம்பினாள். தோள் நடுங்கியது, உடம்பு அந்தரத்தில் நின்றது, செழியனின் இரண்டு கைகளும் மடியைவிட்டுக் காற்றில் உயர்ந்தன, தொடாமல் அப்படியே நின்றன. அவள் இருக்கைக்குள் வந்து விழுந்தாள்.

வாசலில் யாரோ "அரோகரா!" என்றார்கள். தெருவரை எல்லோரும் அதைத் திருப்பிச் சொன்னார்கள்.

செழியன் நீட்டிய கையை இன்னும் மடக்காமல் உட்கார்ந்திருந்தான். அப்புறம் அந்தக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "எப்பலேர்ந்துக்கா உனக்கு இது வரும்?"

"எட்டு வருசமா வரும். நீ எங்க உட்ட?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அழுகையும் அதில் கலந்திருந்தது. கேரியரைத் திறந்து அவளுக்குப் போடப் போனவன், நின்று யோசித்து, கரண்டியை அவள் கையில் கொடுத்தான். தானே மதியச் சோற்றுச் சட்டியை எடுத்து வைத்துக்கொண்டு குழைந்த மிச்சத்தைச் சட்னி தொட்டு முழுதாகச் சாப்பிட்டான். அம்மாவுக்குப் போன் போட்டு, "நல்லாதாம்மா இருக்கா. எனக்கே சோறு போட்டா" என்றான். அந்தப் பக்கத்திலிருந்து வந்த கேள்விக்கு மணிமொழியை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஆமா, அடுப்புப் பத்த வெச்சிருக்கா. நீ நாளிக்கு வர வேணாம். வர்ற வாரம் வந்து பார்த்துட்டுப் போ, போதும்" என்றான்.

மணிமொழிக்குக் காதை நம்ப முடியவில்லை. ஆறு மாதம் ஒரே பேச்சில் ஒரு நாளாகிவிட்டது.

ஆறு மணிக்குக் கூட்டம் கொஞ்சம் குறைந்தது. செழியன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினான். "பாதி தூரம் வந்துட்டேன். மிச்சத்தையும் சுத்திட்டே பைக்குக்குப் போறேன்."

"புதன்கிழம வா. ஆபீசு எப்டி இருக்குன்னு சொல்றேன்" என்றாள் மணிமொழி. "வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வா."

"எடுப்பியா?"

"வேல இல்லன்னா எடுப்பேன்."

அவன் சாய்தளத்தில் இறங்கிப் போனான். மணிமொழி பாத்திரங்களை மடிப்பலகையில் அடுக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குத் திரும்பும்போது, தெருவில் ஒரு புதுக் குரல் அவனை நிறுத்துவது கேட்டது.

"தம்பி, கம்பி வெச்ச பாத்ரூம் இந்த வீட்லதானாமே? யாரு வீடுப்பா?"

"எங்க அக்கா வீடுங்க" என்றான் செழியன். "கேட்டுட்டுப் போங்க. அவங்க இருக்காங்க."

மணிமொழி பாத்திரத்தைக் கழுவுமிடத்தில் வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி கதவைப் பார்த்து உருண்டாள்.